தன்னியக்கக் கியர்ப் பெட்டியின் வரலாறு

மோட்டார் வண்டி ஓட்டப் பழகுகின்றவனுக்கு முதற் பகை அவனுடைய இடக்காலே. கிளச்சை மிதிக்கவேண்டிய கணத்தில் மிதியாமலும், மெல்ல விடவேண்டிய கணத்தில் சட்டென்று விட்டும் அக்கால் செய்யும் பிழைகளால் வண்டி துள்ளி நிற்கின்றது; பின்னால் வரும் பஸ் வண்டி கூக்குரல் எழுப்புகின்றது. மேட்டில் நிறுத்திய வண்டியை மீண்டும் கிளப்புவதற்குள் பழகுவோனுடைய நெற்றி வியர்த்துவிடும். இத்தொல்லையிலிருந்து சாரதியை விடுவிக்க எழுந்த முயற்சி ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உடையது. அவ்வரலாற்றின் முற்பாதியில் எந்தக் கியர் வேண்டும் என்பதை எண்ணெயே முடிவுசெய்தது. பிற்பாதியில் அப்பொறுப்பு மின்சாரத்திடம் சென்றது. ஆனால் பெட்டியின் ஆயுள் மட்டும் எண்ணெயின் கையைவிட்டு அகலவில்லை. அதனை மறந்தவர்கள், வண்டி செய்தோராயினும் வாங்கியோராயினும், அதற்குரிய விலையைக் கொடுத்தார்கள்.

கியர் என்பது எதற்கு என்ற வினா முதலில் எழும். நீராவி எஞ்சின் நின்ற நிலையிலிருந்தே முழு வலிமையுடன் இழுக்கும். பெற்றோல் எஞ்சினோ குதிரையின் வேகமும் ஆட்டுக்குட்டியின் வலிமையும் உடையது. வேகமாகச் சுழலும்போதுதான் அதற்கு ஆற்றல் உண்டு. ஆகவே, வேகத்தைக் குறைத்து வலிமையாக மாற்றிக் கொடுக்கும் பல்சக்கரங்கள் எஞ்சினுக்கும் சில்லுகளுக்கும் இடையில் வேண்டியதாயிற்று. 1891ஆம் ஆண்டளவில் பிரான்ஸ் தேசத்துப் பனார் எ லெவசோர் நிறுவனத்தார் பல்சக்கரங்களை ஒன்றோடொன்று வழுக்கிச் சேர்க்கும் முறையைக் கையாண்டனர். சுழலுகின்ற பற்கள் மோதும் ஓசை எப்படியிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். இம்முறை முரட்டுத்தனமானதுதான், ஆயினும் வேலை செய்கின்றது என்று எமில் லெவசோரே கூறியதாகச் சொல்வர். அந்த முரட்டு முறையே, சிற்சில மெருகுகளுடன், கையால் கியர் மாற்றும் வண்டிகளில் இன்றுவரை நிலைத்துள்ளது.

இதற்கு மாற்றாக மற்றொரு பல்சக்கர அமைப்பும் உண்டு. நடுவில் ஞாயிறு போல ஒரு சக்கரம். அதனைச் சுற்றிக் கோள்களைப் போலச் சில சிறு சக்கரங்கள். எல்லாவற்றையும் அணைத்து, உட்புறம் பற்களைக் கொண்ட ஒரு வளையம். இம்மூன்றனுள் ஒன்றைப் பிடித்து நிறுத்தினால் ஒரு வேகம் பிறக்கும்; வேறொன்றைப் பிடித்தால் வேறொரு வேகம். பற்கள் எப்பொழுதும் கோத்தே இருப்பதால் மோதலுக்கு இடமில்லை. பிடிப்பதும் விடுவதுமே வேலை. ஹென்றி ஃபோர்ட் 1908இல் வெளியிட்ட மொடல் 'டி' வண்டி இவ்வமைப்பைக் கொண்டே இரண்டு கியர்களுடன் ஓடியது. எனினும் பிடிப்பதும் விடுவதும் சாரதியின் கால்களாகவே இருந்தன.

எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் கிளச் இன்றி இணைக்கும் வழி தரையிலன்றிக் கடலிலே பிறந்தது. ஜேர்மனியின் ஸ்ரெற்றின் துறைமுகத்தில் இருந்த வுல்கன் கப்பல் கட்டும் தளத்தில் ஹெர்மன் ஃபெற்றிங்கர் என்னும் பொறியியலாளர் பணியாற்றினார். நீராவிச் சுழலி மிக வேகமாகச் சுழல்வது. கப்பலின் விசிறியோ மெல்லச் சுழன்றால்தான் பயன். இவ்விரண்டையும் இணைப்பதற்கு அவர் திரவத்தைத் துணைகொண்டு, 1905இல் காப்புரிமை பெற்றார். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் சுழலவிட்டால், அதன் காற்று மற்றையதையும் சுழற்றும் அன்றோ? காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்து, இரண்டையும் ஒரே கூட்டுக்குள் அடைத்துவிட்டால் அதுவே எண்ணெய் இணைப்பு. வண்டி நிற்கும்போது எஞ்சின் எண்ணெயைக் கலக்கிக்கொண்டு சும்மா சுழலலாம். மிதித்தவுடன் எண்ணெயே சில்லைத் தள்ளும். இடக்காலுக்கு ஓய்வு கொடுத்தது இதுவே.

இந்த இரண்டையும் ஒன்றுசேர்க்கும் வேலை நெடுநாள் காத்திருந்தது. கனடாவின் ரெஜைனா நகரத்தைச் சேர்ந்த அல்பிரட் ஹோர்னர் மன்றோ அமுக்கிய காற்றால் இயங்கும் தன்னியக்கப் பெட்டி ஒன்றை அமைத்து 1923இல் காப்புரிமை பெற்றாராயினும் அதற்கு வலிமை போதவில்லை. பின்னர் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தில் ஏர்ள் தொம்சன் என்பவரின் குழு இம்முயற்சியில் வெற்றி கண்டது. பற்கள் மோதாமல் கையால் கியர் மாற்ற உதவும் அமைப்பை 1928இல் கடிலாக் வண்டிக்கு அளித்தவரும் இவரே. எண்ணெய் இணைப்பும், கோள்களைப் போன்ற பல்சக்கரங்களும், நான்கு கியர்களும் கொண்ட 'ஹைட்ராமற்றிக்' பெட்டி 1940ஆம் ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபைல் வண்டிகளில் வெளிவந்தது. அதற்கென மேலதிகமாகக் கேட்கப்பட்ட விலை 57 டொலர்.

போர் வந்தது. அதே பெட்டி இராணுவ டாங்கிகளில் ஏறியது. எம்-5 என்னும் இலகுரக டாங்கியில் இரண்டு கடிலாக் எஞ்சின்களும் இரண்டு ஹைட்ராமற்றிக் பெட்டிகளும் பூட்டப்பட்டன. புதிய பொருளை வாங்கத் தயங்கியவர்களுக்கு இதைவிடச் சிறந்த சான்று வேறு என்ன வேண்டும்? 1953 ஆகஸ்ட் 12ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்து லிவோனியாவில் இப்பெட்டிகளைச் செய்த தொழிற்சாலை தீக்கிரையானது. கடிலாக் வண்டிகளுக்குச் சிலகாலம் பியுக் வண்டியின் பெட்டியைப் பூட்டி அனுப்ப நேர்ந்தது. கியர் மாற்றும் பழைய வழக்கத்துக்குத் திரும்ப வாங்குவோர் அத்துணை மறுத்தனர். இங்கிலாந்தின் றோல்ஸ் றொய்ஸ் நிறுவனமும் உரிமம் பெற்று இப்பெட்டியையே செய்தது. உள்ளே கரடுமுரடாக இருந்த ஒரு பாகத்தை அந்நிறுவனத்தார் தம் பெருமைக்கேற்ப வழுவழுப்பாக்கினர் என்றும், பெட்டி முன்போல வேலை செய்ய மறுத்துவிட்டது என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை மெய்யோ பொய்யோ, உராய்வு என்பது இப்பெட்டியில் எவ்வளவு நுட்பமான பொருள் என்பதற்கு அதுவே நல்ல விளக்கம்.

மின்சாரத்தின் துணை சிறிதும் இன்றி இப்பெட்டி எப்பொழுது கியர் மாற்றுவது என்று எவ்வாறு அறிந்தது? சில்லுகளை நோக்கிச் செல்லும் தண்டில் சிறு எடைகள் பூட்டப்பட்டிருந்தன. வேகம் மிக, அவை வெளிநோக்கி விரிந்து எண்ணெயின் அமுக்கத்தைக் கூட்டின. மற்றொரு பக்கத்தில், சாரதியின் வலக்கால் மிதிக்க மிதிக்க வேறொரு வழியில் எண்ணெய் அமுக்கம் கூடியது. இரண்டு அமுக்கங்களும் ஒரு சிறு வால்வின் இரண்டு முனைகளையும் எதிரெதிராகத் தள்ளின. வேகம் வென்றால் வால்வு நகர்ந்து மேற்கியர் விழும். கால் வென்றால் கீழ்க்கியர் நிலைக்கும். மலை ஏறுகையில் கால் ஊன்றி மிதிப்பதால் மேற்கியர் தாமதிக்கின்றது. சமதரையில் மெல்ல மிதிப்பதால் விரைந்து வருகின்றது. இத்தகைய பல வால்வுகள் கறையான் புற்றைப் போலக் குடைந்த உலோகக் கட்டை ஒன்றனுள் அமைந்தன. எண்ணெயினால் செய்யப்பட்ட ஒரு மூளை என்று அதனைச் சொன்னால் மிகையன்று.

அந்த எண்ணெயைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லவேண்டும். பெட்டிக்குள் கிளச் என்பது இல்லாமற் போகவில்லை. சிறு தட்டுக்களாக எண்ணெயில் மூழ்கி ஒளிந்திருக்கின்றது. காகிதத்தையொத்த பொருள் ஒட்டிய அத்தட்டுக்கள் அதிராமல் இறுகவேண்டும்; இறுகியபின் வழுக்கவும் கூடாது. இவ்விரு குணங்களையும் எண்ணெய்க்கு அளிப்பதற்கு ஜெனரல் மோட்டர்ஸ் 1949இல் வகுத்த தரத்து எண்ணெயில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பு சேர்க்கப்பட்டது. 1970இல் அவ்விலங்கு அழியும் தறுவாயில் உள்ளது என்று அமெரிக்க அரசு பட்டியலில் இட்டபின் அக்கொழுப்பின் இறக்குமதி நின்றது. அதற்குப் பதிலாக வந்த கலவைகளுள் முதலில் வந்தவை சில, எண்ணெய் குளிரூட்டியின் ஒட்டீயத்தை அரித்தன, பெட்டிகளும் பழுதாகின. கடலில் ஒரு விலங்கைக் காக்க இயற்றிய சட்டம் தெருவில் வண்டிகளின் கியர்ப் பெட்டியைத் தொட்டது.

மின்சாரம் இவ்வரங்கில் புகுந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். 1969இல் பிரான்சின் றெனோ நிறுவனம் தனது '16 டி.ஏ.' வண்டியிலும், 1970இல் ஜப்பானின் டொயோட்டா நிறுவனமும் இலத்திரனியல் முறையால் ஆளப்படும் தன்னியக்கப் பெட்டிகளை வெளியிட்டன. நுண்செயலி எனப்படும் கணினிச் சில்லு விற்பனைக்கு வந்ததே 1971இன் இறுதியில். ஆகவே இவற்றின் மூளை எளிய திரான்சிஸ்டர்களால் ஆனது. முயற்சி துணிகரமானது, காலம் முந்தியது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து பெற்றோல் விலை ஏறியபின்னரே எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் நோக்கம் வண்டி செய்வோரை நெருக்கியது. எண்ணெய் இணைப்பில் வீணாகும் ஆற்றலை மிச்சப்படுத்த, ஓடுகின்ற வேகம் நிலைத்தபின் அதனைப் பூட்டிவிடும் கிளச் ஒன்று சேர்க்கப்பட்டது. எப்பொழுது பூட்டுவது, எப்பொழுது திறப்பது என்பதை எடைகளும் வால்வுகளும் மட்டும் கணிப்பது அரிதாயிற்று. 1980களில் டொயோட்டாவும், ஜேர்மனியின் இசட்.எஃப். நிறுவனமும் நுண்செயலியை இவ்வேலைக்கு அமர்த்தின. செப்பலின் ஆகாயக் கப்பல்களுக்குப் பல்சக்கரம் செய்யவென்று 1915இல் தோன்றியது அவ்விசட்.எஃப். நிறுவனம்.

புதிய ஏற்பாடு விளங்குதற்கு எளியது. சுழலும் தண்டுகளின் வேகத்தையும், எண்ணெயின் வெப்பத்தையும், வலக்காலின் மிதியையும் உணரிகள் அளந்து கணினிக்கு அறிவிக்கின்றன. கணினி முடிவுசெய்து, சொலினோயிட் எனப்படும் கம்பிச் சுருளுக்கு மின்சாரம் அனுப்புகின்றது. சுருள் காந்தமாகி ஒரு சிறு முளையை இழுக்கின்றது; எண்ணெய் வழி ஒன்று திறக்கின்றது. பழைய வால்வுக் கட்டை அப்படியே இருக்கின்றது. அதன் காவலாளிகள்தாம் மாறிவிட்டனர்.

இம்மாற்றம் நன்மையாகவும் இன்னலாகவும் முடிந்த வரலாற்றை அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் 1989ஆம் ஆண்டுக்குரிய வண்டிகளில் அளித்த ஏ-604 என்னும் பெட்டியிற் போலத் தெளிவாக வேறெங்கும் காணல் அரிது. அதுவரை கணினி பழைய பெட்டிக்கு மேலாளராக மட்டும் இருந்தது. இதிலோ பெட்டியே கணினியை நம்பிப் புதிதாக வரையப்பட்டது. கியர் மாறும் ஒவ்வொரு முறையும் தட்டுக்கள் எவ்வளவு நேரம் வழுக்கின என்று கணினி அளந்து, அடுத்த முறை அமுக்கத்தைத் திருத்திக்கொண்டது. தட்டுத் தேயத் தேய அதற்கேற்பத் தன்னையும் மாற்றியது. மாணவனைப் போலக் கற்கும் பெட்டி என்றால் பொருந்தும். ஏதேனும் ஓர் உணரியின் சொல் ஐயத்துக்கிடமானால், மேலும் கேடு நேராவண்ணம் வண்டியை இரண்டாம் கியரிலேயே நிறுத்திவிடும். மெல்ல ஊர்ந்து வீடு சேரலாம்.

எண்ணம் மிக உயர்ந்தது. ஆனால் அவசரமாகச் சந்தைக்கு வந்த பெட்டி ஆயிரக்கணக்கான வண்டிகளை இரண்டாம் கியரில் ஊர்ந்து வீடு செல்ல வைத்தது. பொறியமைப்பில் குறைகள் இருந்தன என்பதில் ஐயமில்லை. அவை ஆண்டுதோறும் திருத்தப்பட்டன. ஆயினும் பெருங்கேட்டை விளைவித்தது எண்ணெய். அப்பெட்டிக்கென நிறுவனம் தனியான தரம் ஒன்றை வகுத்திருந்தது. அவ்வெண்ணெய் கிடையாதபோது கடைகளில் எங்கும் கிடைக்கும் 'டெக்ஸ்ரன்' வகையை ஊற்றலாம் என்ற குறிப்பும் உடன் வழங்கப்பட்டது. பழைய பெட்டியாயின் அது பொறுத்திருக்கும். கணினியோ குறிப்பிட்ட ஓர் எண்ணெயின் உராய்வைக் கணக்கில் வைத்தே அமுக்கத்தை அளவிட்டது. வேற்று எண்ணெயில் தட்டுக்கள் நடுங்கின; கணினி அதனைத் திருத்த முயன்றது; திருத்தத் திருத்த நிலை மோசமாயிற்று. கராஜ்களிலும் குழப்பம். மின்கலத்தைக் கழற்றிப் பூட்டினால் கணினி தான் கற்றதை மறந்துவிடும். மீண்டும் கற்கும்வரை வண்டி குலுங்கும். இதனை அறியாதவர்கள் நல்ல பெட்டிகளையும் பழுதென்று கழற்றி எறிந்தனர். பின்னாளில் பெயர் மாறி, திருந்திய வடிவில் அதே பெட்டி பல ஆண்டுகள் செய்யப்பட்டது. முதலில் வாங்கியவர்களுக்கு அது ஆறுதலாகாது.

ஜேர்மனியின் மேர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் 1996இல் கொணர்ந்த ஐந்து கியர்ப் பெட்டியின் கதை வேறு விதமானது. இரும்பாலான பாகங்கள் நெடுங்காலம் உழைப்பவை என்று பெயர் பெற்றவை. பழுது வந்த இடம், மின்கம்பிகள் பெட்டிக்குள் நுழையும் சிறு பிளாஸ்ரிக் முளை. அதன் றப்பர் வளையம் முதிர்ந்தபின் எண்ணெய் கசிந்து, விளக்குத் திரியில் ஏறுவதுபோலக் கம்பிகளின் வழியே ஊர்ந்து தொலைவிலுள்ள கணினியையே நனைத்தது. கையளவு விலையுள்ள முளையை உரிய காலத்தில் மாற்றியவன் தப்பினான். மற்றையவன் கணினிக்கும் சேர்த்துப் பணம் எண்ணினான். எண்ணெய் அளவைப் பார்க்கும் கோலையும் அப்பெட்டியில் வைக்கவில்லை. குழாய் மட்டும் இருந்தது, அதுவும் முத்திரையிடப்பட்டு.

எண்ணெய்க் கோலை நீக்கியது ஒரு நம்பிக்கையின் அடையாளம். 1990களிலிருந்து பல நிறுவனங்கள் தம் பெட்டிகளில் ஊற்றிய எண்ணெய் வண்டியின் ஆயுள் முழுவதற்கும் போதும் என்று அறிவித்தன. வாங்குவோனுக்கு அது இனிய சொல். ஆனால் பல வண்டிகளுக்குப் பெட்டி செய்து கொடுக்கும் இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள், எண்ணெயை மாற்றுமாறு கூறுகின்றது. வண்டி விற்பவன் ஒன்று சொல்ல, பெட்டி செய்தவன் வேறொன்று சொன்னால் பெட்டி செய்தவனை நம்புவதே முறை. எண்ணெயைக் கெடுப்பது வெப்பம். ஏறத்தாழ 80 பாகைக்கு மேல் ஒவ்வொரு 11 பாகை கூடும்போதும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலாளரின் கைக்கணக்கு. குளிர்நாட்டின் விரைவுப் பாதைக்குச் சொன்ன ஆயுள், நெரிசலிலும் வெய்யிலிலும் மலைப்பாதையிலும் அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இது இலங்கையருக்கு அயற்செய்தியன்று. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர், ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிய வண்டிகள் பெருந்தொகையாக இங்கு இறங்கின. தன்னியக்கப் பெட்டியை நாட்டுக்குப் பழக்கியவை பெரும்பாலும் அவையே. வண்டி வந்தது, அதனோடு வந்த கைந்நூல் ஜப்பானிய எழுத்தில் இருந்தது. எந்த எண்ணெய் வேண்டும் என்பது அதிலே தெளிவாக அச்சிடப்பட்டிருந்தும், படிக்க எவரும் இலர். சிவப்பாக இருந்தால் போதும் என்று ஊற்றும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது. பச்சைத் தண்ணீர் எல்லாம் இளநீர் என்பதைப் போன்றதே அது. அண்மைக்காலத்தில் ஹொண்டா நிறுவனம் 2013இல் வெளியிட்ட ஃபிற் கலப்பின வண்டியும், அதன் இனத்து வெசல் வண்டியும் இலங்கை வீதிகளில் பெருகின. அவற்றின் பெட்டி இரட்டைக் கிளச் உடைய வேறு வகை; ஆளுகையோ முற்றிலும் கணினியினது. ஜப்பானில் ஏறத்தாழ ஓராண்டுக்குள் ஃபிற் வண்டியை ஐந்து முறை மீள அழைக்க நேர்ந்தது. அவற்றுட் பல, கியர்ப் பெட்டியின் கட்டளை நிரலைத் திருத்துவதற்காகவே. நிறுவனத்தின் உயர் அதிகாரிகள் தம் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டனர். ஒரு முளையையும் கழற்றாமல், எழுதிய கட்டளையை மட்டும் மாற்றிப் பெட்டியைப் பழுதுபார்க்கும் காலம் இது.

எனினும் கணினி செய்யமாட்டாத வேலைகள் உண்டு. எஞ்சின் சுழன்றால்தான் எண்ணெய்ப் பம்பி சுழலும். ஆகையால் நின்றுபோன தன்னியக்க வண்டியைத் தள்ளிக் கிளப்புதல் இயலாது. அதனை இயக்கும் சில்லுகள் தரையில் உருளக் கயிறு கட்டி நெடுந்தூரம் இழுத்தால் எண்ணெய் எட்டாத பாகங்கள் தேய்ந்து எரியும். வண்டி முழுதும் நிற்குமுன் பின்கியருக்கு மாற்றுதல் தட்டுக்களுக்குக் கேடு. எண்ணெய் கருகி நாற்றம் வீசினால், அல்லது கியர் விழுமுன் எஞ்சின் வெறுமனே இரைந்தால், தாமதியாது பார்க்கவேண்டும். பெட்டியைக் கழற்றுமுன் கணினி குறித்து வைத்துள்ள பழுது எண்களைப் படிப்பிக்கவேண்டும். பத்து ரூபாய்க் கம்பியின் குற்றத்துக்குப் பெட்டி தண்டனை அனுபவித்த வழக்குகள் பல.

கோல் இல்லாத பெட்டியில் எண்ணெய் அளவைப் பார்க்கும் முறையும் ஒன்று உண்டு. வண்டியைச் சமமாக உயர்த்தி, எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெயின் வெப்பம் ஏறத்தாழ 40 பாகையை அடைவதைக் கணினியின் கருவியில் பார்த்திருப்பர். வெப்பத்தின் அளவு வண்டிக்கு வண்டி சிறிது வேறுபடும். உரிய கணத்தில் தொழிலாளி வண்டியின் அடியிலுள்ள திருகாணியைக் கழற்றுகின்றான். எண்ணெய் தாரையாக ஊற்றினால் மிகை. ஒன்றும் வாராவிட்டால் குறை. தாரை மெலிந்து சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கும்போது அவன் திருகாணியை மீண்டும் பூட்டுகின்றான்.